கத்தி படாத இதயம்

ஓடும்போது மட்டும் நெஞ்சில் யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கிறது என்று மோகனப்ரியா பள்ளிக்கூட நாட்களிலிருந்தே சொல்லிவந்தாள். கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். காலையில் சாப்பிடாமல் ஓடினால் அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. தெருமுனை டாக்டர் வாயுத் தொல்லை என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும்போது ஒரு பெரிய டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார், எக்கோ பார்த்தார், எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்றார். போட்டி என்றால் இந்த வயதுப் பெண்களுக்கு மனப் பதற்றம் வருவது சகஜம் என்று தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். படங்கள் சுத்தமாகத்தான் இருந்தன. எல்லாமே அவள் படுக்கையில் அசையாமல் கிடந்தபோது எடுத்தவை. படுத்துக்கொண்டு யாரும் ஓடுவதில்லை என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் ஓடுவதை விடவில்லை. வலி வரும் இடத்துக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டாள். அதனால் எந்தப் பந்தயத்திலும் முதலாவதாக வந்ததில்லை. பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஓட்டப் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நாள், தன் மாணவிகளோடு விளையாட்டாகப் போட்டி போட்டு ஓடியபோது, வழக்கமாகக் குறைக்கும் இடத்தில் வேகத்தைக் குறைக்க மறந்துவிட்டாள். கோட்டைத் தொடுவதற்கு முன்பே விழுந்தாள். மைதானத்து அறையில் மாட்டியிருந்த அதிர்ச்சிக் கருவியை எடுத்துவந்து மாணவிகள் அவள் நெஞ்சை மறுபடி துடிக்கவைத்தார்கள்.

மருத்துவமனையில் முதலில் ஆஞ்சியோ செய்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. டாக்டர் ரியாஸ் அகமது மட்டும் அதோடு விடவில்லை. முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லி, அந்தப் படத்தைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவள் கட்டிலுக்கு அருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ரத்தக் குழாய் நல்லாத்தான் இருக்குது. அது போற வழிதான் தப்பு."

"வழின்னா எப்படிங்க?"

"இதயத்துல இருந்து ரெண்டு பெரிய குழாய் கிளம்புது. ஒண்ணு உடம்புக்கு, ஒண்ணு நுரையீரலுக்கு. இதயத் தசைக்கே ரத்தம் குடுக்கற இடது குழாய்னு ஒண்ணு இருக்கு. அது தன் பக்கத்துல கிளம்பி வெளியில சுத்திக்கிட்டுப் போகணும். உங்களுக்கு அது எதிர்ப்பக்கத்துல முளைச்சு, அந்த ரெண்டு பெரிய குழாய்க்கும் நடுவுல புகுந்து வருது. கொஞ்ச தூரம் பெரிய குழாயோட சுவருக்குள்ளேயே போகுது. உக்கடம் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல சைக்கிள் மாட்டிக்கிட்ட மாதிரி. பஸ் சும்மா நிக்கிற வரைக்கும் சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஓடினா பஸ் அசையும்."

"ஆமா. ரெண்டும் விம்மும். நடுவுல இருக்கறது நசுங்கும். அதுதான் உங்க கயிறு."

பயமாக இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார்.

"அப்ப எனக்கு மனப் பதற்றம் இல்லைங்களா?"

"இல்லவே இல்லை."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

குழாய் இடம் மாறிப் பிறப்பதே அபூர்வம். அவளுக்கு அதோடு இன்னொரு கிளையும் பின்பக்கமாகச் சுற்றி வந்திருந்தது. இப்படி ஓர் அமைப்பு எந்த மருத்துவ நூலிலும் பதிவாகியிருக்கவில்லை. ஆகவே அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவளுக்கு ஒரு நிழல் செய்தார்கள். நிகர் இதயம் என்பது மருத்துவமனை வைத்த பெயர். ஊரில் எல்லாரும் நிழல் என்றே சொன்னார்கள். தசையின் வலுவும் குழாய்களின் வளைவும் ரத்தத்தின் அடர்த்தியும் மாறாமல், கணினிக்குள் அவள் இதயம் இன்னொரு முறை எழுப்பப்பட்டது. அவள் மார்பில் தோலுக்கடியில் வைத்த அரிசிமணி அளவுக் கருவி, அவள் நடப்பதையும் படுப்பதையும் கோபப்படுவதையும் அதற்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. அவள் மாடி ஏறினால் நிழலும் ஏறும். அவள் தூங்கினால் நிழலும் அடங்கும்.

டாக்டர்கள் அதன் பிரதிகளில் ஒவ்வொரு முறையாக அறுத்துப் பார்த்தார்கள். எத்தனையோ பிரதிகள் செத்தன. கடைசியில் ஒரு வழி பிடிபட்டது. சுவருக்குள் மறைந்திருந்த பகுதியைத் திறந்து குழாயின் வாயை அகலமாக்கி, பின்னால் சுற்றிய கிளையை விடுவித்து, அவளை முழுதாக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கத்தி படாத முதல் நிழலை மட்டும் அணைக்கவில்லை. ஏன் என்று அவள் கேட்டபோது ரியாஸ் பொறுமையாகச் சொன்னார்.

"சர்க்கரை நோய்னா ஆயிரம் பேரைக் கூட்டி, பாதிப் பேருக்கு மருந்து குடுத்து, பாதிப் பேரை அப்படியே விட்டு, யார் நல்லா இருக்காங்கன்னு பாத்தரலாம். உங்களுக்கு வந்ததுக்கு ஆளே கிடையாது. அதனால உங்களுக்கு ஒப்பீடு நீங்களேதான். ஆப்பரேஷன் செஞ்ச நீங்க இந்தப் பக்கம். செய்யாத உங்க இதயம் அந்தப் பக்கம். ரெண்டுக்கும் ஒரே வாழ்க்கை. அது எப்ப நிக்குதோ, அன்னைக்கு நீங்க செத்திருக்கணும்னு அர்த்தம். ஆப்பரேஷன் வீண் இல்லைன்னு அர்த்தம்."

"நான் என்ன செய்யறேன்னு நீங்க எல்லாம் பாத்துக்கிட்டே இருப்பீங்களா?"

"அதுக்குச் சட்டம் விடாது. உங்க வாழ்க்கை கருவியில இருந்து நேரா நிழலுக்குப் போயிரும். நடுவுல யாரும் தொட முடியாது. துடிக்குதா, நின்னுருச்சா, அது மட்டுந்தான் எங்களுக்குத் தெரியும்."

இப்படி அபூர்வ இதயங்களோடு பிழைத்தவர்கள் அந்த மருத்துவமனையில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒவ்வொருவரின் அமைப்பும் ஒவ்வொரு விதம். அவர்களுடைய நிழல்கள் ஒவ்வொன்றாக நின்றுவந்தன. பொள்ளாச்சிக்காரர் ஒருவரின் நிழல், மகள் கல்யாணத்தில் அவர் ஆடிக்கொண்டிருந்தபோது நின்றது. ஒரு பெண்ணின் நிழல், அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டபோது நின்றது. நிழல் நின்ற செய்தி வந்ததும் அவர்கள் மைசூர்பாகு வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுத்தார்கள். மறுபிறப்பு என்று சொல்லி ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மோகனப்ரியாவும் வாங்கிச் சாப்பிட்டாள். அவளுடையது மட்டும் நிற்கவில்லை.

முதல் வருடம் அது ஒரு வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வருடம், திருப்பூரில் இருந்த அண்ணன் போனில் கேட்டான். "ஏம் புள்ள, அது இன்னும் நிக்கலையா? அப்ப நெஞ்சைக் கிழிச்சது வேண்டாத வேலையா?"

"தெரியலீங்ணா."

"டாக்டரைக் கேளு."

அவள் கேட்கவில்லை. மருத்துவமனையிலிருந்து மாதம் ஒரு முறை ஓர் இயந்திரக் குரல் அழைத்து விசாரிக்கும். நெஞ்சு வலி உண்டா? இல்லை. மூச்சுத் திணறல்? இல்லை. வேலைக்குத் திரும்பிவிட்டீர்களா? ஆம். அவ்வளவுதான். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடும்.

வேலைக்குத் திரும்பியது உண்மைதான். ஆனால் கல்லூரி நிர்வாகம் அன்போடு அவளை மைதானத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றியிருந்தது. வெயில் வேண்டாம், அலைச்சல் வேண்டாம் என்றார்கள். புத்தகங்களை அடுக்கும் வேலைக்குக்கூட வேறு ஆள் போட்டார்கள். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, மாணவிகள் நீட்டும் அட்டைகளை இயந்திரத்தில் காட்டிக்கொண்டிருந்தாள். பழைய மாணவிகள் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். புதியவர்களுக்கு அவள் நூலகத்து மேடம். அவள் ஒரு காலத்தில் விசில் ஊதினால் மைதானமே நிமிர்ந்து நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. கணவன் விஜயராகவன் கெட்டவன் இல்லை. அவள் மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் குரலைத் தாழ்த்தியே பேசினான். அவளுக்குப் பிடிக்காத எதையும் சொல்லவில்லை. அவன் மஸ்கட்டில் கிடைத்த வேலைக்குப் போக ஆசைப்பட்டதையும், அவள் வரமாட்டாள் என்று நினைத்ததையும், அவள் தனியாக இருக்கப் பயந்ததையும் இருவரும் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். சண்டை போட்டால் அவள் இதயத்துக்கு ஆகாது. ஆகவே சண்டையே போடாமல் பிரிந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் அவன் "உடம்பைப் பாத்துக்க" என்றான். அவள் தலையாட்டினாள். அவள் உடம்பைத் தவிர வேறு எதையும் பார்த்துக்கொள்ளவில்லை என்பது பிறகு ஒரு நாள் அவளுக்கே தோன்றியது. அந்த எண்ணத்தையும் அதிகம் வளரவிடவில்லை.

சனிக்கிழமைகளில் கல்லூரி அரை நாள். அவள் பஸ் பிடித்து மருத்துவமனைக்குப் போக ஆரம்பித்தாள். நிழல்கள் இருக்கும் பிரிவு ஆறாவது மாடியில் இருந்தது. தன் நிழலைத் தானே பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு. அங்கே ஜெபசீலி என்ற பெண் பொறுப்பில் இருந்தாள். தூத்துக்குடிக்காரி. கோவைக்கு வந்து பல வருடம் ஆகியும் பேச்சு மாறவில்லை.

"வாங்கக்கா. ஒங்க ஆளு ஜம்முன்னு இருக்காரு," என்று திரையைப் போட்டுவிடுவாள்.

திரையில் இதயம் துடிக்கும். உண்மையான ரத்த நிறம் இல்லை, சாம்பல் கலந்த ஒரு சிவப்பு. நடுவில், இரண்டு பெரிய குழாய்களுக்கு இடையே, அந்தக் கோணல் குழாய் ஒடுங்கிப் போவது தெரியும். அவளிடம் இப்போது இல்லாத குழாய். பிறந்ததிலிருந்து நாற்பது வருடம் அவளோடு இருந்த குழாய். அவள் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு பார்ப்பாள். இரண்டும் ஒன்றாகத் துடிப்பது போலத் தோன்றி, பிறகு நிழல் நூலிழை பின்தங்கும். யாரோ அவளுக்குப் பின்னாலேயே நடந்து வருவது போல இருக்கும்.

பூங்காவுக்குப் போனால், கோயிலுக்குப் போனால் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் என்று பார்ப்பார்கள். இங்கே அவளை யாரும் அப்படிப் பார்க்கவில்லை. சில சமயம் மதியச் சாப்பாட்டை இங்கேயே கொண்டுவந்து, திரைக்கு முன்னால் டப்பாவைத் திறந்து சாப்பிடுவாள். ஜெபசீலி ஊறுகாய் கொடுப்பாள். ஒரு முறை ஜெபசீலி விடுமுறையில் போயிருந்தபோது, அன்று நூலகத்தில் நடந்ததை எல்லாம் நிழலிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததை மோகனப்ரியா கவனித்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

நான்காம் வருடம் ஒரு சனிக்கிழமை அவள் ஆறாவது மாடிக்குப் போனபோது வெளியே நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். உயரமானவள். உட்கார்ந்த இடத்திலேயே கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். மோகனப்ரியாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"நீங்கதான மோகனப்ரியா அக்கா? என் பேரு நறுமுகை. கூடைப்பந்து ஆடறேன், ஸ்டேட் டீமுக்கு. உங்களுக்கு இருந்த அதே மாதிரிதான் எனக்கும் இருக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. அந்த ரெண்டாவது கிளைகூட. உலகத்துலயே நீங்களும் நானும்தானாம்."

மோகனப்ரியா தன் சாயலில் ஒரு முகத்தைத் தேடுவது போல அந்தப் பெண்ணின் நெஞ்சுப் பக்கம் பார்த்தாள். சட்டைக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

"எப்பங்கண்ணு ஆப்பரேஷன்?"

"ஆப்பரேஷன் இல்லீங்க்கா. அப்பா வேண்டாம்னுட்டாரு. உங்க நிழல் நாலு வருஷமா நல்லாத்தான் இருக்குதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? அப்ப இது ஆளைக் கொல்லாதுன்னு தான அர்த்தம்? ரொம்ப தேங்க்ஸ்க்கா. உங்களாலதான் நான் இந்த சீசன் ஆடப்போறேன்."

அவள் சிரித்துக்கொண்டே லிஃப்டுக்கு ஓடினாள். கதவு மூடுவதற்குள் பிடிக்க வேண்டும் என்பது போல ஓடினாள்.

மோகனப்ரியா உள்ளே போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நிழல் வழக்கம் போலத் துடித்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"ஜெபா, இதுக்குள்ள போன என் வாழ்க்கையை நான் பாக்கலாமா?"

"நீங்க பாக்கலாம். நான் பாக்கக் கூடாது. விரலை வையிங்க, நான் அந்தப் பக்கமாத் திரும்பிக்கிடுதேன்."

திரையில் ஒரு கோடு வந்தது. நான்கு வருடமும் அதில் இருந்தது. இடது ஓரத்தில், அறுவை சிகிச்சைக்கு முன்பு, நிழல் செய்வதற்காக டாக்டர்கள் கூடவே நின்று அவளை வேகமாக நடக்கவிட்டுப் பார்த்த பழைய அளவுகள் மலை மலையாக இருந்தன. அதற்குப் பிறகு கோடு தரையில் படுத்துக்கொண்டது. பஸ் ஏறியதற்கு ஒரு சின்ன மேடு. மாடிப்படிக்கு ஒரு மேடு. மற்றபடி வருடம் முழுக்க ஒரே உயரம். விஜயராகவனை வழியனுப்பிய தேதியைத் தேடிப் பார்த்தாள். அன்றுகூடக் கோடு நிமிரவில்லை. அழுகையை அன்று எவ்வளவு சாமர்த்தியமாக விழுங்கியிருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது.

"ஜெபா, திரும்பு. நீயும் பாரு. நான் சொல்றேன், பாரு."

ஜெபசீலி தயங்கித் திரும்பினாள். பார்த்தாள். ஒரு விரலை அந்தக் கோட்டின் மேலேயே கடைசி வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க சொன்ன பஸ் நின்ன இடத்துலயே நிக்குதுக்கா," என்றாள் கடைசியில், மெதுவாக.

டாக்டர் ரியாஸை அன்றே பார்த்தாள். அவள் சொன்னதைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"நீங்க ஓடறது இல்லைங்களா?"

"இல்லீங்க டாக்டர். ஓடறது இல்லை. வேகமா நடக்கறதும் இல்லை. சத்தம் போட்டுச் சிரிக்கறதுகூட இல்லைன்னு வெச்சுக்குங்க."

"நீங்க கோச் ஆச்சே. வேலைக்குத் திரும்பிட்டீங்கன்னு பதிவு இருக்குதே."

"வேலைக்குத் திரும்பிட்டேனான்னுதான் கேட்டாங்க. என்ன வேலைன்னு யாரும் கேக்கலை."

ரியாஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவர் குரலில் கோபம் இல்லை, பெரிய களைப்பு இருந்தது. "நான் ஆப்பரேஷன் செஞ்சதுல எனக்கு ரொம்ப நிம்மதி கொடுத்தது உங்க கேஸ்தான். உங்களுக்கு எல்லாம் சரியாயிருச்சுன்னு நினைச்சுட்டே இருந்தேன். ஒரு தடவை நேர்ல கூப்பிட்டு உக்காரவெச்சுப் பேசியிருக்கணும்."

"அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"உங்க நிழலைக் கணக்குல எடுத்துக்காதீங்கன்னு சொல்லுவேன். ஆனா அவங்க அப்பா ஏற்கெனவே நம்ப ஆசைப்படறதை நம்பிட்டாரு. நீங்க ஒரு தடவை விழுந்தது வேற காரணமா இருக்கலாம்னு சொல்றாரு. நாலு வருஷம் துடிச்ச இதயம் ஒரு பக்கம், என் பேச்சு ஒரு பக்கம். இது ஆபத்தானது, இல்லை, ஆபத்தில்லை, எதுக்குமே என்கிட்ட இப்ப ஆதாரம் கிடையாது."

"நான் ஓடினா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "அதை நான் கேக்கக் கூடாது. உங்களை ஓடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை."

"நீங்க கேக்கலைங்க. நான் கேக்கறேன். நீங்க தெச்ச தையல் தாங்குமா?"

"தாங்கும்," என்றார். பிறகு, "தாங்கணும்" என்று திருத்திக்கொண்டார். "பிரதியில தாங்குச்சு. உங்க உடம்புல இன்னும் யாரும் சோதிச்சுப் பாக்கலை. கொஞ்சம் கொஞ்சமா நடந்து பழகி, எங்க ஆளை ஒருத்தரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு..."

"சரிங்க டாக்டர்," என்று எழுந்தாள்.

அவர் சொன்னபடி சில வாரம் நடந்தாள். மருத்துவமனை மாடியில், ட்ரெட்மில் பட்டையின் மேல், பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்க, முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தரையிலிருந்து எழுந்தது. நிழல் திணறியது, ஆனால் நிற்கவில்லை. வேகமாக ஓடலாமா என்று நர்ஸ் கேட்டபோதெல்லாம் மோகனப்ரியா இன்றைக்குப் போதும் என்று இறங்கிவிட்டாள். தையலுக்குப் பயப்படுவதாக நர்ஸ் நினைத்தாள். அதுவும் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்கிய பிறகு அவள் நேரே ஆறாவது மாடிக்குத்தான் போனாள். அது இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

"நீ ஒருத்திதான் இதைப் புரிஞ்சுக்குவ," என்றாள் ஜெபசீலியிடம். "அது போயிருச்சுன்னா சனிக்கிழமை நான் எங்க போறது?"

ஜெபசீலி திரையின் அந்தச் சாம்பல் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எக்கா, ஒண்ணு சொன்னா கோவப்படப்பிடாது. இது ஒங்களுக்குத் தொணை இருக்குன்னு நெனைக்கீய. நீங்கதான் அதுக்குத் தொணை இருந்திருக்கீய. நாலு வருஷமா அது செத்துரப்பிடாதுன்னு அடக்கி ஒடுக்கி உக்காந்திருக்கீய."

மோகனப்ரியாவுக்குக் கோபம் வந்தது. வெகு காலத்துக்குப் பிறகு வந்த கோபம். காதுகள் சூடாயின. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பித் திரையைப் பார்த்தாள். நிழலின் துடிப்பு ஏறியிருந்தது. தான் கோபப்பட்டால் அதுவும் கோபப்படுகிறது. ஆனால் அதற்கு யார் மேலும் கோபம் இல்லை. இது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் சொன்ன கதை எதையும் அது கேட்டதில்லை.

அடுத்த வாரம் நறுமுகைக்கு முதல் ஆட்டம் என்று ரியாஸ் போனில் சொன்னார்.

மறுநாள் காலை, விடிந்து வெயில் ஏறுவதற்கு முன், மோகனப்ரியா கல்லூரி மைதானத்துக்குப் போனாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. ரியாஸிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஆம்புலன்ஸோடு வந்து நிற்பார். அதைப் பார்த்தால் தன்னால் ஓட முடியாது என்று தோன்றியது. செய்தது தவறுதான், பிறகு அவர் திட்டவும் செய்தார். அது வேறு கதை.

மைதானம் ஈரமாக இருந்தது. ஓடுபாதையின் சிவப்பு அங்கங்கே வெளுத்திருந்தது. எதிர்மூலையில் விடுதி மாணவிகள் சிலர் உடம்பை வளைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மெதுவாக ஓட ஆரம்பித்தாள். முழங்கால்கள் முனகின. மூச்சு தாறுமாறாக வந்தது. பாதிச் சுற்றிலிருந்து, கயிறு இப்போது இறுகும், இப்போது இறுகும் என்று காத்துக்கொண்டே ஓடினாள். இறுகவில்லை. முதல் சுற்று முடிந்தது. நெஞ்சு வலிக்கவில்லை, அடித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது சுற்றில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு மாணவி, இருபது வயதுகூட இருக்காது, கொண்டையை உச்சியில் முடிந்தவள், அவளைக் கடந்து போனாள். கடக்கும்போது "சாரி மேம்" என்றாள், வயதானவர்களை இடித்துவிடாமல் ஒதுங்கிப் போகிற மரியாதையோடு.

அந்த மரியாதை மோகனப்ரியாவைச் சுட்டது. அவள் அந்த முதுகைப் பார்த்தாள். தோள் இறுகியிருக்கிறது, கை உடம்பைக் குறுக்கே வெட்டுகிறது, குதிகால் முதலில் விழுகிறது. இவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. இத்தனை தப்போடு ஓடுகிறவளா என்னைக் கடந்து போவது? அவள் கால்கள் அவளைக் கேட்காமலே நீண்டன. வளைவில் இடைவெளி குறைந்தது. காற்று காதில் அடித்தது. எந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பது வழக்கமோ அந்த இடம் வந்தது, போனது. அவள் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். விழுந்த அந்த ஒரு நாளைத் தவிர வாழ்க்கையில் ஒரு முறைகூடப் போகாத வேகம் அது. சத்தம் போட்டு ஏதோ கத்தியதாகவும் ஞாபகம். அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டு, இன்னும் வேகமெடுத்தாள். இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று. எத்தனை சுற்று என்று அவள் எண்ணவில்லை.

கால்கள் பின்னிக்கொண்டு இனி முடியாது என்று ஆனபோதுதான் புல்லில் போய் விழுந்தாள். வானம் வெளுத்திருந்தது. நெஞ்சு அந்தக் காலை முழுவதையும் உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. பையில் போன் அடித்தது. முன்பே பல முறை அடித்திருக்கிறது.

"எக்கா," என்றாள் ஜெபசீலி. "நல்லாருக்கீயளா? ஏன் போனை எடுக்கல? நான் உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கேன்."

"நல்லா இருக்கேன். மூச்சு வாங்குது."

மறுமுனையில் ஜெபசீலி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நின்னுட்டுக்கா. ரொம்ப நேரம் ஆச்சு. டாக்டர் வந்து பாத்தாரு. அந்தப் பிள்ளையோட அப்பாவை உடனே வரச் சொல்லிட்டாரு. ஆட்டம் கீட்டம் எல்லாம் நிப்பாட்டச் சொல்லிட்டாரு."

மோகனப்ரியாவுக்கு ரொம்ப நேரம் ஆச்சு என்ற சொல்லே காதில் நின்றது. அப்படியென்றால் அதற்குப் பிறகும் அவள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னால் வந்துகொண்டிருந்தது எந்த இடத்தில் விழுந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணின் ஓரம் வழிந்து புல்லில் இறங்கியது. துடைக்கவில்லை.

"ஓடியிருக்கீயன்னு நெனைக்கேன்," என்றாள் ஜெபசீலி. "மொதல்ல கொஞ்ச நேரம் அது திணறிக்கிட்டாவது வந்துச்சு. திடீர்னு துடிப்பு மேல ஏறிச்சு பாருங்க, நான் இதுவரைக்கும் எந்த நிழல்லயும் அப்படிப் பாத்தது இல்ல. அந்த நேரத்துல என்னதான்க்கா செஞ்சீய?"

"ஒரு புள்ள முன்னாடி ஓடுனா. பிடிக்கணும்னு தோணிருச்சு."

"பிடிச்சீயளா?"

"இல்ல."

ஓடுபாதையின் மறுகோடியில் அந்தப் பெண் இடுப்பில் கைவைத்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, புல்லில் கிடந்தவளுக்கு என்ன ஆயிற்றோ என்று இந்தப் பக்கம் நடந்து வர ஆரம்பித்தாள். மோகனப்ரியா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"மேம், ஒண்ணும் இல்லையே?"

"கையைக் குறுக்க வீசாதே," என்றாள் மோகனப்ரியா, மூச்சுக்கு நடுவே. "பாதி வேகம் அதுலயே போயிருது."